ஓர் இடைவெளி செய்த வேலை

‘கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்’ என்பார்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். இப்பழமொழியின் பொருளை நான் படித்து அறிந்ததைவிடப் பட்டு அறிந்ததே அதிகம். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். நண்பர்கள் சிரிக்கலாம், ஆனால் சிரித்து முடித்ததும் ஒரு காரியம் செய்ய வேண்டும். அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

டில்லியில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சு எப்படி மாறியிருக்கிறது என்பது என் ஆராய்ச்சி. அதற்காகக் கரோல் பாகில் பல வீடுகளின் படி ஏறினேன். அவற்றுள் ஒரு வீட்டில் ஒரு பாட்டி. கணவரின் சர்க்கார் உத்தியோகத்தை முன்னிட்டுக் கும்பகோணத்திலிருந்து வந்தவர். “என் பேச்சைப் பிடிச்சு வெச்சுண்டு என்னடா பண்ணப் போறே?” என்று கேட்டுக்கொண்டே நாற்பது நிமிஷம் பேசினார், நடுவே ஒரு தாலாட்டும் பாடினார். புறப்படும்போது அவருடைய பேத்தி, “அந்தப் பதிவை எனக்கும் ஒரு பிரதி கொடுங்கள், அண்ணா” என்றாள். “அதற்கென்ன, அடுத்த வாரமே தருகிறேன்” என்றேன். அடுத்த வாரம் வந்தது. அடுத்த மாதமும் வந்தது. ஐப்பசியில் பாட்டி காலமானார். அப்பொழுதும் நான் கொடுக்கவில்லை.

மார்கழி மாதம். வெளியே பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனிமூட்டம். ஆராய்ச்சி அறையில் நான் ஒருவன்தான். லினக்ஸ் கணிப்பொறியில் ‘பழைய’ என்று தொடங்கும் கோப்புகளை அழித்துச் சுத்தம் செய்ய எண்ணினேன். ஆர்.எம். என்ற கட்டளை, பிறகு ‘பழைய’ என்ற சொல், அதை ஒட்டி ஒரு நட்சத்திரக் குறி. தட்ட வேண்டியது இவ்வளவே. தூக்கக் கலக்கத்தில் சொல்லுக்கும் குறிக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. ‘பழைய’ என்று தொடங்குவன போகட்டும் என்பது என் எண்ணம். ‘இங்கே உள்ளவை எல்லாம் போகட்டும்’ என்று அது புரிந்துகொண்டது. அந்தக் கட்டளைக்குக் குப்பைத் தொட்டியும் கிடையாது, ‘நிச்சயந்தானா?’ என்று கேட்கும் வழக்கமும் கிடையாது. எட்டு மாத உழைப்பு இமைப்பொழுதில் மறைந்தது.

பதறியவன் சும்மா இருந்தேனா? இல்லை. அழிந்ததை மீட்கும் நிரல்கள் இரண்டு மூன்றைத் தேடி அதே டிஸ்கில் இறக்கினேன். அதற்குப் பிறகுதான் கணிப்பொறித் துறையிலுள்ள திருநெல்வேலி அண்ணாச்சிக்குப் போன் செய்யத் தோன்றியது. “ஏலே, எதையும் தொடாத! மொதல்ல மிஷினை அணை!” என்றார். கால் மணி நேரத்தில் மப்ளரும் கையுமாக வந்து சேர்ந்தார்.

“கோப்பை அழிக்கிறது புத்தகத்தை எரிக்கிறது இல்லைடே. நூலகத்தில அட்டவணைச் சீட்டைக் கிழிக்கிற மாதிரி. புத்தகம் அலமாரியிலேயேதான் இருக்கும், வேற புத்தகம் அந்த இடத்துக்கு வர்ற வரைக்கும். நீ என்ன செஞ்சிருக்க? புதுப் புத்தகமாக் கொண்டுவந்து அடுக்கியிருக்க!”

எங்கள் கணிப்பொறியில் இருந்தது சுழலும் காந்தத் தட்டு. இப்போதைய எஸ்.எஸ்.டி. டிஸ்குகளிலோ, ‘டிரிம்’ என்ற ஏற்பாடு அழித்த இடத்தைத் தானே துடைத்துவிடுவதால் இந்த நம்பிக்கையும் பெரும்பாலும் இல்லை.

அண்ணாச்சி தட்டைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் இணைத்தார். எதையும் எழுதாமல் முழுத் தட்டுக்கும் ஒரு பிரதி எடுத்தார். அந்தப் பிரதியின்மேல் ‘போட்டோரெக்’ என்ற இலவச நிரலை ஓட்டினார். அது கோப்பின் பெயரைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வகைக் கோப்பும் தொடங்கும் முறையைக் கொண்டு அடையாளம் காண்கிறது. ஆகவே எல்லாம் பெயரிழந்து, வெறும் எண்களாக வந்து குவிந்தன. மூன்று இரவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கட்டுரைகள் பெரும்பாலும் கிடைத்தன. பாட்டியின் குரலும் கிடைத்தது, பன்னிரண்டு நிமிஷம். அதற்குப் பின் வெறும் இரைச்சல். தாலாட்டு இருந்தது இருபதாவது நிமிஷத்தில்.

அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தை எடுத்துக்கொண்டு கரோல் பாக் போனேன். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் கோபிக்கவில்லை. “நான் அன்றைக்கே கேட்டேனே, அண்ணா” என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கே கொடுத்திருந்தால்? அவளுக்குக் கொடுத்த பிரதியே எனக்குக் காப்பாக இருந்திருக்கும்! 1998-ல் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, இதே ஆர்.எம். கட்டளை படத்தின் பெரும்பகுதியை அழித்தது. நம்பியிருந்த காப்புப் பிரதிகளும் சரிவர வேலை செய்யவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதற்காக கேலின் சஸ்மன் என்ற அம்மையார் வைத்திருந்த பிரதிதான் கைகொடுத்தது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஏட்டுச் சுவடிகளைச் செல்லும் மழையும் விட்டுவைத்ததில்லை. ஆயினும் ஓர் ஊரில் சிதைந்த பாடல் மற்றோர் ஊர் ஏட்டில் பிழைத்திருந்தது. பல இடத்து ஏடுகளை ஒப்பிட்டுத்தான் உ. வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். பெட்டியில் பூட்டிய ஒற்றை ஏடு அல்ல, படியெடுத்துப் பல கைக்குப் போன ஏடே நின்றது.

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய சூத்திரம் ஒன்று உண்டு: மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்களில், ஒன்றாவது வேறோர் இடத்தில். ‘கிளவுடில்தான் இருக்கிறதே’ என்று இறுமாந்திருக்க வேண்டாம். கணிப்பொறியோடு ஒத்து நடக்கும் பிரதி, இங்கே அழிந்ததை அங்கேயும் அழிக்கும். எடுத்து வைத்த பிரதி திறக்கிறதா என்றும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

இனி, நான் சொன்ன அந்தக் காரியம். இவ்விதழை மூடியதும் உங்கள் ஆராய்ச்சிக்கு ஒரு பிரதி எடுங்கள். யாருக்காவது ஒரு பிரதி தருவதாகச் சொல்லியிருக்கிறீர்களா? முதலில் அதைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.