தாப்பா மலைச் சாலையும் நம் மோட்டார் சைக்கிளும்

பேராக் மாநிலத்தின் தாப்பா பட்டணத்தைத் தாண்டியதும் சாலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவி, அப்புறம் ரிங்லெட், ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் தானா ராத்தா. 1885-இல் வில்லியம் கேமரன் அளக்க வந்த மலை இது. 1929-இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியிருக்கிறார்கள். உறவினரைப் பார்க்க, மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கப்சாய் வண்டியில் இம்மலை ஏறுகிறவர்களே, இது உங்களுக்குத்தான்.

இடுப்பு வலித்தால் சாலையைத் திட்டுகிறோம். வண்டியின் அப்சார்பரைப் பார்த்தோமா? அதற்குள் இரண்டு வேலைக்காரர்கள். ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும். எண்ணெய் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும். எண்ணெய் ஒழுகிப்போனால் வளைவில் சக்கரம் துள்ளும். தரையைத் தொடாத சக்கரத்துக்குப் பிரேக் பிடித்து என்ன பயன்? பின்னால் இருப்பவரின் உயிரும் அந்தச் சிறிது எண்ணெயில்தான் இருக்கிறது.

ஆசனத்தை அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒருமுறை எழுந்து அடங்கினால் நல்லது. மீண்டும் மீண்டும் ஆடினாலோ, எண்ணெய் கசிந்தாலோ, பின்பக்க அப்சார்பர் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பல வண்டிகளில் பின் ஸ்பிரிங்கில் படிப்படியாகத் திருப்பும் வளையம் உண்டு. தனியே போனால் கீழ்ப்படி. இருவர் ஏறினால் ஓரிரு படி கூட்டுங்கள். இதனால் ஸ்பிரிங் கெட்டியாகாது. பாரத்தில் அமிழ்ந்த வண்டி நிமிரும், அவ்வளவே. ஏறி உட்கார்ந்ததும் முழு ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்குவரை அமிழலாம். கொஞ்சமும் அமிழாவிட்டால், பள்ளத்தில் இறங்கச் சக்கரத்துக்கு இடமிராது.

முன் ஃபோர்க்கில் எண்ணெய் இருக்கும் வண்டியானால், பழைய எண்ணெயை மாற்றுங்கள். கெட்டி எண்ணெய் ஊற்றினால் வண்டி நன்றாக ஓடும் என்று சில இளைஞர்கள் நினைக்கிறார்கள். அளவு மீறிக் கெட்டியானால், அடுத்தடுத்த குழிகளில் சக்கரம் எழுந்து இறங்க நேரமிராது. அடி நேரே கைக்கு வரும். வண்டிக்கு உரிய எண்ணெயே போதும். அழகுக்காக உயரமான அப்சார்பர் போட்டாலும் வண்டி திரும்பும் தன்மை மாறிவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், டயர் சூடாகுமுன் காற்றைச் சரிபாருங்கள். அதற்குச் செலவே இல்லை.

அடுத்த பள்ளி விடுமுறைக்கு மலை ஏறுவதானால், முதல் நாள் மாலை அரைமணி நேரத்தை வண்டிக்குக் கொடுங்கள். வலி தெரியாமல் போனால்தான் மலையின் குளிரும் பச்சையும் கண்ணில் படும்.