இருபதா, நாற்பதா?

திண்டிவனத்திலிருந்து என் தங்கை மகன் டெலிபோன் செய்தான். "மாமா, ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தானே இருப்பீர்கள்? ஒரு ஸ்பிரிங் விஷயமாக உங்கள் அபிப்பிராயம் வேண்டும்" என்றான்.

கதாநாயகியைச் சாகவிடலாமா, பிழைக்க வைக்கலாமா என்று என்னிடம் அபிப்பிராயம் கேட்டவர்கள் உண்டு. ஸ்பிரிங்கைப் பற்றி யாரும் கேட்டதில்லை. ஆனால் அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. ஸ்பிரிங்கை அறுத்துக் காரைத் தாழ்த்திய மகானுபாவன் எங்கள் குடும்பத்தில் நான் ஒருவன்தான்.

அவன் வைத்திருப்பது கைமாறி வந்த வண்டி. ஆனாலும் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு. பின்னால் ஓர் ஆசனம் இருப்பதாகச் சொல்கிறார்கள். என் கைப்பையை அதில் வைத்துப் பார்த்தேன். அதுவே முழங்காலை மடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தது. ஒரகடத்துக்கு வேலைக்குப் போவதும் அந்த வண்டியில்தான், சனிக்கிழமைகளில் தன் அம்மாவை விழுப்புரத்துக்கு அழைத்து வருவதும் அந்த வண்டியில்தான். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி தெரிவது அவனுக்குப் பொறுக்கவில்லை. இருபது மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங் ஒன்று, நாற்பது மில்லிமீட்டர் தாழ்த்துவது ஒன்று. இரண்டில் எதை வாங்குவது? இதுதான் கேள்வி.

வண்டியைத் தாழ்த்துவது வெறும் அலங்காரம் என்று நான் சொல்லமாட்டேன். பாரம் தாழ இருந்தால் வளைவில் வண்டி சாய்வது குறையும். பிரேக் போட்டால் மூக்கு குத்துவதும் குறையும். 1980களில் கல்லூரிப் பையனாகச் சோழவரம் போய், பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களை வெயிலில் நின்று பார்த்தவன் நான். பாய் விரித்தாற்போல் தரையோடு தரையாக ஓடிய வண்டிகளைப் பார்த்துத்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. ஓடுதளத்தில் வேகத்தடை கிடையாது என்பது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை.

1992ல் என்னிடம் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் 1961 முதல் தயாரான வண்டி அது. புது ஸ்பிரிங் வாங்கப் பணம் இல்லை. ஒரு பட்டறையில் கொண்டு நிறுத்தி, முன் ஸ்பிரிங்குகளில் ஒன்றரைச் சுற்றை காஸ் வைத்து அறுத்துத் தரச் சொன்னேன். "வேண்டாம் சார்" என்றார் மேஸ்திரி. நான் சோழவரத்தைப் பற்றி அவருக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். அவர் பாவம், அறுத்துக் கொடுத்துவிட்டார்.

சுற்றைக் குறைத்தால் ஸ்பிரிங் குட்டையாவதோடு விறைத்தும் போகும். ஏழரைச் சுற்றில் ஒன்றரையை எடுத்தால் விறைப்பு கால் பங்கு கூடிவிடும். ஆனால் அமுங்குவதற்கு இருந்த இடம் அதைவிட வேகமாகக் குறைந்துவிடுகிறது. சிறு பள்ளத்துக்கே ஸ்பிரிங் முடிந்து இரும்போடு இரும்பு மோதும். போதாக்குறைக்கு, காஸ் சூட்டில் எஃகின் பதம் கெடுகிறது. அறுத்த முனை தன் கிண்ணத்தில் படிந்து உட்காருவதும் இல்லை.

இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டவை. அந்த மாதமே மயிலம் முருகன் கோயிலில் இந்த மருமானுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்துக் குத்த வேண்டும், தாய்மாமன் நான். அப்பாவைப் பின் ஆசனத்தில் உட்கார வைத்துக்கொண்டு விழுப்புரத்திலிருந்து விடியற்காலையில் புறப்பட்டேன். விக்கிரவாண்டி தாண்டி ஒரு சிறு பாலத்தின் மேட்டில் வண்டி எழும்பி விழுந்தது. இடது பக்கத்து ஸ்பிரிங் கிண்ணத்தைவிட்டு நழுவியது. அப்பாவின் வாயிலிருந்து "ஹா" என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். முதுகைப் பிடித்துக்கொண்டு சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். கூட்டேரிப்பட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கி, வேறு வண்டி பிடித்து நாங்கள் மயிலம் போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தம் தப்பியிருந்தது. ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் மடியில் உட்கார்த்திக் காரியத்தை முடித்திருந்தார்கள். குழந்தை அழுது தூங்கிப்போயிருந்தது. தங்கை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. ஆனால் கடைசிவரை அவர் என் காரில் ஏறவில்லை. திண்டிவனம் போக வேண்டுமென்றால் பஸ்தான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நானும் மருமானும் அளவுகோலோடு புறப்பட்டோம்.

முதலில் வேகத்தடை. நம் சாலைகளுக்கு வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவு உண்டு: உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். யானையின் முதுகுபோல் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இரண்டரை மீட்டர் உள்ள கார் அதன் மேல் நடுவாக நிற்கும்போது, சக்கரங்களும் பாதி மேட்டில்தான் நிற்கின்றன. கணக்குப் போட்டால் வயிற்றுக்கு அடியில் 5 சென்டிமீட்டர்தான் எழும்புகிறது. எவ்வளவு தாழ்ந்த வண்டியும் தாண்டிவிடும்! ஆனால் எங்கள் தெருமுனையில் இருப்பது யானை முதுகு அல்ல, வரப்பு. அகலம் 40 சென்டிமீட்டர், உயரம் 12. அந்தப் பன்னிரண்டும் முழுசாக வயிற்றைத் தேடி வருகிறது.

வண்டியின் தரை உயரம் 16 சென்டிமீட்டர் இருந்தது. நாற்பதைக் கழித்தால் சரியாக 12. இரண்டு பேர் ஏறினால் இன்னும் ஒரு சென்டிமீட்டர் இறங்கும். இருபதைக் கழித்தால் ஆள் பாரத்தோடு 13 நிற்கிறது. சாய்த்து ஏற்றினால் தப்பும்.

அடுத்தது ரப்பர்க் கட்டை. சக்கரம் எழும்பும்போது கடைசியாகப் போய் முட்டும் இடம் அது. முன் பக்கம் அதற்கு ஆறரை சென்டிமீட்டர் இடம் இருந்தது. நாற்பது தாழ்த்தினால் இரண்டரைதான் மிச்சம். அப்புறம் ஸ்பிரிங்குக்கு வேலையே இல்லை, ரப்பர்தான் ஸ்பிரிங்.

விறைப்பிலும் ஒரு கணக்கு உண்டு. வண்டியின் பாரத்தில் ஸ்பிரிங் 25 சென்டிமீட்டர் அமுங்கி நின்றால், வண்டி விநாடிக்கு ஒரு முறை மேலும் கீழும் ஆடும். 11 என்றால் ஒன்றரை முறை. 6 என்றால் இரண்டு முறை. ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவே இருப்பது உடம்புக்குச் சுகம். இரண்டைத் தாண்டினால் பந்தய வண்டி. அதில் போகிறவன் பரிசுக்காகப் பொறுத்துக்கொள்கிறான். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர். அதற்கு யாரும் கோப்பை தருவதில்லை.

"உயரத்தைத் திருகி ஏற்றி இறக்கும் காயிலோவர் என்று ஒன்று இருக்கிறதே, மாமா?"

"இருக்கிறது. விலை இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ ஸ்பானரோடு வண்டிக்கு அடியில்தான் படுத்திருப்பாய்."

சிரித்தான். மறுக்கவில்லை.

சட்டமும் ஒன்று இருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் கண்ட விவரம் தயாரித்தவர்களின் அளவுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு; 2019ல் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. ஸ்பிரிங்கைத் தொடும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் இன்ஷூரன்ஸிலும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள், பழைய ஸ்பிரிங்கைக் கடாசாதே என்றேன். கேட்டான், வாங்கினான். இருபதையே மாட்டினான். கூடவே ஷாக் அப்சார்பரையும் விறைப்புக்குத் தகுந்ததாக மாற்றினான்; அது தளர்ந்திருந்தால் புது ஸ்பிரிங் பந்துபோலக் குதிக்கும். சக்கரக் கோணம் பார்த்தான், விளக்கின் வெளிச்சத்தைச் சரிசெய்தான். பழைய ஸ்பிரிங் நாலும் கோணிப்பையில் அவன் வீட்டுப் பரணில் இருக்கின்றன, தங்கையின் வெண்கல உருளிக்குப் பக்கத்தில்.

போன சனிக்கிழமை அவளை ஏற்றிக்கொண்டு வந்தான். தெருமுனை வரப்பில் வண்டியைச் சாய்த்து ஏற்றினான். நான் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். சத்தம் இல்லை.

கதவைத் திறந்தேன். தாழ்ந்த ஆசனத்திலிருந்து எழ முடியாமல் தங்கை இரண்டு முறை முயன்றுவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"எப்படி இருந்தது? இடித்ததா?" என்றேன்.

"இடிக்கவில்லை."

கொஞ்சம் தயங்கிவிட்டு, "அப்பா இருந்திருந்தால் இதில் ஏறியிருப்பாரா?" என்று கேட்டேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த நாளைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏறியிருப்பார் அண்ணா. இறங்கத்தான் நீ கை கொடுக்க வேண்டும்" என்று கையை நீட்டினாள்.