சாயமும் பசியும்

அட்டனுக்கு மேலே, காலை பத்து மணி வரையிலும் மூடுபனி விலகாத ஒரு தோட்டத்துப் பாடசாலையில் நான் விஞ்ஞானம் கற்பிக்கின்றேன். சென்ற ஆண்டு அங்கே ஒரு சிறுவனை, மூன்றாம் பாடவேளை தோறும் மேசையில் தலைசாய்த்து உறங்கியதற்காக, வகுப்பு முழுவதும் கேட்கும்படி ‘சோம்பேறி’ என்று ஏசினேன். அவன் அழவில்லை, மறுமொழியும் கூறவில்லை. பக்கத்திலிருந்த பிள்ளைதான் எழுந்து, “சேர், அவன் காலையில சாயம் மட்டுந்தான் குடிச்சிட்டு வர்றான்” என்றது.

சாயம் என்பது யாதென மலைநாட்டாருக்கு விளக்க வேண்டியதில்லை. பாலில்லாத வெறுந்தேத்தண்ணீர். என் பிள்ளைப் பருவத்திலும் விடியலில் பிரட்டுக்கு ஓடும் அம்மா ஒரு கோப்பைச் சாயமும் ஒரு துண்டு ரொட்டியும் வைத்துவிட்டுப் போவார். ரொட்டி இல்லாத நாளில் சாயம் இரண்டு கோப்பையாகும். குடித்தால் வயிறு சற்று நேரம் அடங்கும். அடங்கியதையே பசி தீர்ந்ததாக எண்ணி வளர்ந்தோம். கொழுந்து நிறை குறைந்த நாளில் அம்மாவுக்கு அரைப்பேர் விழும். அத்தோடு கங்காணி வாயிலிருந்து அதே பட்டமும் விழும். அந்தச் சொல்லை நான் கற்றது அங்கேதான்.

அன்றிரவு, நானே ஆண்டுதோறும் கற்பிக்கும் பாடத்தை முதன்முறையாகப் படித்தேன் எனலாம்.

1944ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பவர் பட்டினி பற்றிய பரிசோதனை ஒன்றைத் தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்தனர். 24 வாரங்கள் அவர்களுக்கு வழக்கமான உணவில் ஏறக்குறையப் பாதியே கிடைத்தது. உடல் நிறையில் கால்பங்கு கரைந்தது. இதயம் மெல்லத் துடித்தது. கோடையிலும் குளிர்கிறதென்று போர்வை கேட்டனர். ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் சக்தி ஐந்தில் இரண்டு பங்களவு குறைந்தது. துடிப்புள்ள வாலிபர்கள் எதிலும் நாட்டமின்றி முடங்கினர். தேநீரையும் காப்பியையும் மட்டும் ஓயாமற் குடித்தனர். அதற்கு வரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. இதைப் படித்தபோது, எங்கள் லயத்துக் காம்பராவுக்குள் யாரோ எட்டிப் பார்த்ததுபோல் இருந்தது. ஆனால் அவர்களை எவரும் சோம்பேறி என்று சொல்லவில்லை. அளந்தார்கள், குறித்தார்கள், 1950இல் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார்கள்.

இச்சிக்கனத்துக்கான உத்தரவு எங்கிருந்து பிறக்கிறது என்பது பிற்பாடுதான் தெளிவாயிற்று. 1994இல் நியூயோர்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழுவினர் லெப்டினைக் கண்டறிந்தனர். கொழுப்புத் திசுவே சுரக்கும் ஓமோன் அது. 1999இல் ஜப்பானியரான கோஜிமாவும் கங்காவாவும் இரைப்பை சுரக்கும் கிரெலினைக் கண்டனர். சாப்பாட்டு வேளைக்கு முன் கிரெலின் ஏறிப் பசியைக் கிளப்பும், உண்டபின் இறங்கும். லெப்டினோ உடலின் கணக்கப்பிள்ளை. (எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைவிட நேர்மையானவர்.) கொழுப்பு கரைந்து லெப்டின் குறைந்தால், களஞ்சியம் வற்றுகிறதென்று மூளை உணர்ந்துகொள்ளும். உடனே பசியைக் கூட்டி, அனுசேபத்தின் வேகத்தைக் குறைக்கும். போதிய உணவற்ற உடல் பருவமடைவதையும் வளர்வதையும் கூடப் பிற்போட்டுவிடும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இலங்கைப் பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நூற்றுக்கு 17 பேர். தோட்டங்களில் ஏறக்குறைய 32 பேர்.

சாயமோ, போட்ட சீனியைத் தவிர உடலுக்குச் சக்தி எதையும் தருவதில்லை. உணவோடு சேர்த்துக் குடித்தால், கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு, இரத்தத்தில் சேரவிடாமலும் தடுக்கிறது. அரைப்பேர் வாங்கிய அம்மாவின் வெளிறிய நகங்களை நான் நினைத்துக்கொண்டேன். 1925இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது. செடிக்கு எவ்வளவு நைதரசன், எப்போது கவ்வாத்து என்று நுணுகி ஆராய்கிறார்கள். வேண்டிய ஆராய்ச்சிதான், குறை சொல்லவில்லை. இலை வெளிறிய செடியைச் சோம்பேறிச் செடி என்று அங்கு எவரும் எழுதி வைப்பதில்லை.

1974ஆம் ஆண்டுப் பஞ்சத்தில், தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மாண்ட நாட்களில், என் அப்பா அப்பாயியின் வயிற்றில் இருந்தார். கருவில் ஊட்டம் குன்றிய குழந்தையின் உடல் சிக்கனத்துக்கே பழகிவிடுகிறது, பிற்காலத்தில் நீரிழிவுக்கு எளிதில் ஆளாகிறது என்ற கருத்தை 1992இல் ஹேல்ஸ், பார்க்கர் என்னும் இருவர் முன்வைத்தனர். அப்பாவுக்கு நீரிழிவு வந்தது அதனால்தானென்று என்னால் நிறுவ முடியாது. உணவைக் குறைக்கும்படி வைத்தியர் சொன்னதைக் கேட்ட அப்பாயி மட்டும், “இவன் வயித்துல இருக்கையிலேயே கொறைச்சாச்சே” என்றார்.

மறுநாள் வகுப்பில் அச்சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு மினசோட்டாக் கதையைச் சொன்னேன். அவன் அன்று உறங்கவில்லை. முடிவில், “சேர், அந்த முப்பத்தாறு பேருக்கும் அப்புறம் சாப்பாடு குடுத்தாங்களா?” என்று கேட்டான். கொடுத்தார்கள் என்றேன். பழைய நிலைக்குத் திரும்ப நாளொன்றுக்கு ஏறக்குறைய 4,000 கலோரி வேண்டியிருந்தது என்றும், எவ்வளவு உண்டும் பலருக்கு மாதக்கணக்கில் பசி அடங்கவில்லை என்றும் சொன்னேன். அவன் தலையசைத்தான். முதற்பகுதியைத்தான் கொப்பியில் எழுதிக்கொண்டான். பசி அடங்காததை எழுதவில்லை.