தலைவர் மாதிரி இருக்கார்!

ஸ்விட்ஸர்லாந்தில் 5 வயதிலிருந்து 13 வயது வரையுள்ள பிள்ளைகளைக் கூட்டிவைத்து ஒரு வேடிக்கை பண்ணினார்கள். கம்ப்யூட்டரில் கப்பல் விளையாட்டு. டிராய் நகரத்திலிருந்து இதாகா தீவுக்குப் போகவேண்டும். விளையாடி முடித்ததும் இரண்டிரண்டு போட்டோக்களாகக் காட்டி, ‘‘இந்த ரெண்டு பேர்ல உன் கப்பலுக்கு யாரைக் கேப்டனாப் போடுவே?’’ என்று கேட்டார்கள். பிள்ளைகள் யோசிக்கவே இல்லை. டக் டக்கென்று கை காட்டிவிட்டன.

போட்டோவில் இருந்தவர்கள் எல்லோரும் 2002-ல் பிரான்ஸ் பார்லிமென்ட் தேர்தலில் எதிரும் புதிருமாக நின்ற வேட்பாளர்கள். பிள்ளைகளுக்கு அது தெரியாது. அவர்கள் காட்டிய கேப்டன்தான் ஏறக்குறைய 100-க்கு 71 தடவை தேர்தலிலும் ஜெயித்திருந்தார்! 2009-ல் ‘ஸயன்ஸ்’ பத்திரிகையில் இது வந்தது. பெரியவர்களிடம் கேட்டுப் பார்த்தபோதும் விடை கிட்டத்தட்ட அதேதான். கொள்கை, கூட்டணி என்று டீக்கடையில் தொண்டை வறள சண்டை போட்டுவிட்டு ஓட்டுப் போடப் போகிற நமக்கும், மூக்கு ஒழுகுகிற ஒன்றாம் கிளாஸ் பயலுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான் போலிருக்கிறது.

தலைவன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று ஓர் அச்சு நம் மண்டைக்குள் கிடக்கிறது. யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. அப்பாவின் செருமல், ஹெட்மாஸ்டரின் பிரம்பு, ஊர் எல்லையில் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அய்யனார், இடைவேளைக்கு அப்புறம் வரும் ஹீரோ, எல்லாம் சேர்ந்து செய்த அச்சு. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அதில் போட்டு அமுக்கிப் பார்க்கிறோம். உட்கார்ந்தால் தலைவர். உட்காராவிட்டால், ‘‘பாவம், நல்ல மனுஷன்.’’

கம்ப்யூட்டர் வருவதற்கு முந்திய காலத்தில் நான் ஒரு பாங்க் கிளையில் லெட்ஜரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அங்கே அடுத்தடுத்து இரண்டு மானேஜர்கள்.

முதலாமவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘கர்னல்’. ஆறடி. வெண்கலத் தொண்டை. காலையில் அவர் உள்ளே நுழைந்தால் காஷ் கவுண்ட்டரில் எண்ணிக்கொண்டிருப்பவருக்கு எண்ணிக்கை மறந்துபோகும். ‘‘பாத்துக்கலாம்யா, நான் இருக்கேன்!’’ என்று முதுகில் தட்டுவார். அவர் இருந்த மூன்று வருஷமும் ஸேவிங்ஸ் லெட்ஜர்களின் கூட்டுத்தொகை ஜெனரல் லெட்ஜரோடு ஒத்துப்போனதே கிடையாது. பாலன்ஸிங் பாக்கி மலையாகக் குவிந்தது. கேட்டால், ‘‘பாத்துக்கலாம்யா!’’ பிரிவுபசாரத்தில் ஆளுயர மாலை போட்டு அழுதார்கள். முதல் இன்டர்வியூவிலேயே அவருக்குப் பிரமோஷன்.

அடுத்து வந்தவர் ‘டிபன் பாக்ஸ்’. ஐந்தடி இரண்டங்குலம் இருந்தால் அதிகம். கட்டம் போட்ட சட்டை, மஞ்சள் பை. சேர்ந்த அன்றைக்கு ப்யூன் அவரைக் கடன் கேட்டு வந்தவர் என்று நினைத்து பெஞ்சில் உட்காரவைத்துவிட்டான். அவரும் இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தார்.

மீட்டிங்கில் பேசமாட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு லெட்ஜரை எடுத்துக்கொண்டு உட்காருவார். நான் பக்கத்து டேபிள் என்பதால் வேடிக்கை பார்ப்பேன். வித்தியாசத் தொகையை முதலில் ஒன்பதால் வகுப்பார். மீதியில்லாமல் வகுபட்டால் யாரோ இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்கலாம் என்று அர்த்தம். 1,860 என்பதை 1,680 என்று எழுதினால் வித்தியாசம் 180. ஒன்பதில் வகுபடும். அடுத்து அந்த மாதிரி ஜோடி எண்களாகத் தேடிப் போவார், பேன் பார்ப்பதுபோல. ஒன்றரை வருஷத்தில் அத்தனை பாக்கியும் தீர்ந்தது.

அதுவரை ஸ்டாஃப் ரூமில், ‘‘வாயே தொறக்க மாட்டேங்கறார்யா, பயந்தாங்கொள்ளி’’ என்றார்கள். இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் நல்லபடியாக வந்த மறுநாள், ‘‘அந்த மௌனம்தான் ஸார் அவர் பலமே!’’ மௌனம் அதேதான். ரிப்போர்ட்தான் புதுசு.

இதையும் சோதித்திருக்கிறார்கள். 1970-களில் அமெரிக்காவில் ராபர்ட் லார்டும் அவர் சகாக்களும், ஒரு குழு வேலை செய்யும் வீடியோவைப் பலருக்குப் போட்டுக் காட்டினார்கள். சிலரிடம் ‘இந்தக் குழு பிரமாதமாகச் செய்தது’ என்றும், சிலரிடம் ‘சொதப்பிவிட்டது’ என்றும் சொல்லிவைத்தார்கள். வீடியோ ஒன்றுதான். ‘பிரமாதம்’ என்று கேள்விப்பட்டவர்கள் குழுத் தலைவருக்கு மார்க்கை அள்ளிப் போட்டார்கள். இப்படி வழிநடத்தினார், அப்படி ஊக்கம் கொடுத்தார் என்று எழுதியும் கொடுத்தார்கள்.

பெரிய இடத்திலும் இதே கதை. நேரு மறைந்து 1964-ல் லால்பகதூர் சாஸ்திரி பிரதமரானபோது, அந்தக் குள்ளமான உருவத்தையும் மெல்லிய குரலையும் பார்த்து உள்ளூரிலேயே பலருக்கு நம்பிக்கை இல்லை. ஆஜானுபாகுவான அயூப்கானும் அப்படித்தான் எடை போட்டார். 1965 செப்டம்பர் 6-ம் தேதி நமது ராணுவம் பஞ்சாப் எல்லையைத் தாண்டி லாகூர்ப் பக்கம் நகர்ந்தபோதுதான் தராசு கோளாறு என்று தெரிந்தது. சாஸ்திரியை முன்னிறுத்தியவர் யார் என்று பாருங்கள்: காமராஜர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், அலங்காரமாகப் பேசாதவர், ‘பார்க்கலாம்’ என்ற ஒரே வார்த்தையில் மனு கொடுத்தவரை அனுப்பிவைப்பவர். அச்சுக்குள் அடங்காத ஆளுக்குத்தான் இன்னொரு அடங்காத ஆளை அடையாளம் தெரிந்திருக்கிறது.

நரசிம்ம ராவ் விஷயம் கொஞ்சம் சிக்கல். 1991 தேர்தலில் போட்டியே போடாமல் ஒதுங்கப் பார்த்தவர், பிரதமராகிவிட்டார். பிதுங்கிய உதடும் மௌனமும் கார்ட்டூனிஸ்ட்டுகளுக்கு ஐந்து வருஷத்துக்குச் சோறு போட்டன. பொருளாதாரக் கதவு திறந்ததும் அந்த மௌனத்துக்கு ‘சாணக்கியம்’ என்று பெயர். 1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிந்ததும் அதே மௌனம் குற்றப்பத்திரிகை ஆயிற்று. அதில் நியாயம் இருக்கிறது என்பது என் கட்சி. பேசாமலிருப்பதெல்லாம் பெரிய குணமில்லை. 2024-ல் அவருக்குப் பாரத ரத்னா கொடுத்தார்கள். மௌனத்துக்கு இப்போது மறுபடி நல்ல விலை!

டிபன் பாக்ஸுக்கு அந்த மாதிரி விலை எதுவும் படியவில்லை. மூன்று தடவை பிரமோஷன் இன்டர்வியூவுக்குப் போனார். எழுத்துப் பரீட்சையில் பாஸ். ரிப்போர்ட்டெல்லாம் பிரமாதம். ஆனால், ‘பெர்சனாலிட்டி போதாது’ என்று போர்டில் பேசிக்கொண்டதாகத் தகவல் வந்தது. சேர்ந்த அதே ஸ்கேலில் ரிடையர் ஆனார். அவர் தீர்த்துவைத்த பாக்கியெல்லாம் யார் காலத்துப் பாக்கியோ, அந்தக் கர்னல் அதற்குள் ஜோனல் ஆபீஸில் குஷன் நாற்காலியில் இருந்தார். பிரிவுபசாரத்தில் டிபன் பாக்ஸ் இரண்டு நிமிஷம் பேசினார். அதில் ஒரு நிமிஷம் டிசம்பர் க்ளோஸிங் பற்றி.

அவருக்கு அப்புறம் ஓர் அம்மா மானேஜராக வந்தார்கள். 1970-களிலேயே வர்ஜீனியா ஷைன் என்ற அமெரிக்கப் பேராசிரியை, ‘மானேஜர்’ என்றதும் மானேஜர்கள் மனசில் வருகிற குணங்களெல்லாம் ஆண்களுக்குச் சொல்கிற குணங்களாகவே இருக்கின்றன என்று கண்டுபிடித்து எழுதியவர். எங்கள் கிளைக்கு வந்திருந்தால் ஒரே காலையில் முடித்திருக்கலாம். மானேஜர் அறையில், மானேஜர் நாற்காலியில், மானேஜர் பலகைக்குப் பின்னால் மேடம் உட்கார்ந்திருப்பார்கள். வருகிறவர் எட்டிப் பார்த்து, ‘‘மானேஜர் ஸார் இல்லீங்களா?’’ என்பார்.

ஒரு ரைஸ்மில்காரர் அப்படித்தான் வந்தார். மேடம் சிரித்துக்கொண்டே உட்காரச் சொல்லி, மில் கதையெல்லாம் கேட்டு, ஸ்டாக்கை நேரில் போய்ப் பார்த்து, பத்தே நாளில் கடனை ஸாங்ஷன் பண்ணிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்தவர், கதவுவரை போய்த் திரும்பிச் சொன்னார்:

‘‘ரொம்ப சந்தோஷம்மா. ஸார் வந்தா சொல்லிடுங்க.’’