விலையும் விளைவும்

விலை உயர்ந்தது யாவும் தரமும் உயர்ந்தது என்று எண்ணுவது மனித இயல்பு. சந்தைப் பண்டத்தில் இவ்வெண்ணம் பொய்த்தால் நட்டம் பணத்தோடு முடிந்துவிடும். மனிதருக்கே விலை குறிக்கும் இடத்தில் அது பொய்த்தால், நட்டம் அத்துடன் நில்லாது. அமெரிக்க பேஸ்போல் கழகங்கள் யப்பானியப் பந்தெறி வீரரைப் பெருந்தொகை கொடுத்து அழைத்துவரும் வரலாறு இதற்கு நல்ல சான்றாகும். நாம் பேஸ்போல் மட்டையைத் தொட்டறியோம். ஆயினும் கணக்கில் விருப்புடையார்க்கு அவ்விளையாட்டின் ஏடுகள் நல்விருந்தாகும்.

கிரிக்கெட்டிலே பந்துவீச்சாளர் பலர் மாறி மாறி வீசுவர். பேஸ்போலிலோ ஆட்டத்தைத் தொடங்கும் பந்தெறி வீரர் ஒருவரே அதன் போக்கைப் பெரிதும் நிருணயிப்பார். ஆதலின் அவருக்கு மதிப்பு மிகுதி. 1995 இல் ஹிடியோ நோமோ ஏறத்தாழ 20 இலட்சம் டொலர் ஒப்பந்தப் பணத்துடன் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் கழகத்திற் சேர்ந்தார். அவ்வாண்டே 13 ஆட்டங்களை வென்று, 236 முறை துடுப்பாளரைப் பந்தை அடிக்கவிடாது வெளியேற்றி, தேசிய லீக்கின் சிறந்த புதுமுக வீரர் எனும் விருதையும் பெற்றார். கொடுத்த பணத்துக்கு அது பன்மடங்கு ஊதியம். அவ்வெற்றியே பின்வந்தோரின் விலையை ஏற்றிற்று எனலாம்.

1998 இல் ஒரு புதிய முறை வகுக்கப்பட்டது. யப்பானியக் கழகம் ஒன்று தன் வீரரை விடுவிக்க இசைந்தால், அமெரிக்கக் கழகங்கள் ஒன்றின் தொகையை மற்றொன்று அறியாவண்ணம் மூடிய கேள்விப்பத்திரம் போல விலை குறித்தன. மிகக் கூடிய தொகை குறித்த கழகத்துக்கே அவ்வீரருடன் பேசும் உரிமை கிட்டியது. இத்தகைய போட்டியில் வெல்பவர் யார்? பெரும்பாலும் பொருளைச் சரியாக மதித்தவர் அல்லர், மிகையாக மதித்தவரே. பொருளியலார் இதனை ‘வென்றவரின் சாபம்’ என்பர்.

2006 இன் இறுதியில் பொஸ்டன் றெட் சொக்ஸ் கழகம் டைசுகே மட்சுசாகாவுக்காகக் குறித்த தொகை 5 கோடி 11 இலட்சம் டொலருக்கு மேல். அதற்கு மேலாக, ஆறாண்டுச் சம்பளம் 5 கோடி 20 இலட்சம். முதல் இரண்டு பருவங்களில் அவர் 33 ஆட்டங்களை வென்றார். 2007 இல் அவரது அணி உலகத் தொடரையும் கைப்பற்றிற்று. அடுத்த நான்கு பருவங்களில் வென்றவையோ 17 மட்டுமே. 2011 இல் அவரது முழங்கைக்குச் சத்திர சிகிச்சை செய்ய நேர்ந்தது. அதே காலத்தில் நியூயோர்க் யாங்கீஸ் கழகம் கேய் இகாவாவுக்காக 2 கோடி 60 இலட்சத்தைக் கட்டி, ஐந்தாண்டுச் சம்பளமாக 2 கோடியையும் ஒப்பியது. அவர் அக்கழகத்துக்காகப் பெருநிலை ஆட்டங்களில் தோன்றியது 16 முறை, வென்றது இரண்டு. எஞ்சிய காலம் பெரும்பாலும் இளநிலை அணிகளிலேயே கழிந்தது.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பொஸ்டன் கட்டிய அந்த 5 கோடியும் மட்சுசாகாவின் கைக்கு வரவில்லை. அவரது பழைய கழகமான செய்பு லயன்ஸுக்கே சென்றது. இகாவாவுக்காகக் கட்டியது ஹன்ஷின் டைகர்ஸுக்குச் சென்றது. ஆயினும் அரங்கிலிருந்தோர் இரு தொகைகளையும் கூட்டி, ‘பத்துக் கோடி வீரர்’ என்றே மட்சுசாகாவை அளந்தனர். விலையை விதித்தவர் ஒருவர், பணத்தைப் பெற்றவர் மற்றொருவர். பழியைச் சுமந்தவரோ அவ்விருவருமல்லாத மூன்றாமவர்!

நேற்றைய திறமை நாளை ஏன் மாறுகின்றது? யப்பானில் தொடக்க வீரர் பொதுவாக வாரத்துக்கு ஒரு முறை எறிவர்; அமெரிக்காவில் ஐந்து நாட்களுக்கு ஒரு முறை எறிதல் நெடுநாள் வழக்கம். பந்தின் பருமனும் பிடிமானமும் வேறு. போதாக்குறைக்கு, இளமையிலேயே கைகள் கடுமையாக உழைத்துவிடுகின்றன. 1998 இல் கோஷியென் மைதானத்திலே, பாடசாலை மாணவனாக இருந்த மட்சுசாகா ஒரே ஆட்டத்தில் 17 இன்னிங்ஸ்களில் 250 பந்துகளை எறிந்தார். பரீட்சைப் புள்ளிகளைக் கொண்டு மாணவரின் எதிர்காலத்தை முடிவுகட்டும் பெற்றோரை ஆண்டுதோறும் காணும் எமக்கு, இது புதுமையாகத் தோன்றவில்லை. புள்ளி, நடந்ததைச் சொல்லும். புதிய இடத்தில் நடக்கப்போவதை அது சொல்லாது.

எனினும் எல்லா முதலீடும் வீணென்று கூறுவதும் பிழையே. 2007 இன் இறுதியில் மூன்றாண்டுக்கு 3 கோடி 53 இலட்சத்துக்கு ஒப்பந்தமான ஹிரோக்கி குரோடாவுக்கு விடுவிப்புத் தொகை எதுவும் தேவைப்படவில்லை. ஏழு பருவங்கள் ஆரவாரமின்றி உழைத்தார். 2013 இன் இறுதியில் விதி மாறி, விடுவிப்புத் தொகை 2 கோடிக்கு மேற்படலாகாது என்றாயிற்று; எஞ்சிய பணம் வீரர் பக்கம் திரும்பியது. மசாஹிரோ தனாக்கா ஏழாண்டுக்கு 15 கோடி 50 இலட்சம் பெற்றார். முதற் பருவத்திலேயே முழங்கைத் தசைநார் ஓரளவு கிழிந்தபோதும், அவ்வேழாண்டில் 78 ஆட்டங்களை வென்றார். 2023 டிசெம்பரில் யொஷினொபு யமமொட்டோவுக்கு, அமெரிக்கப் பெருநிலை ஆட்டங்களில் ஒரு பந்தும் எறியுமுன்னரே, டொட்ஜர்ஸ் கழகம் பன்னிரண்டு ஆண்டுக்கு 32 கோடி 50 இலட்சம் ஒப்பியது. முதலாண்டில் தோள் நோய் அவரைச் சில மாதம் முடக்கிற்று; 2025 உலகத் தொடரிலோ மூன்று ஆட்டங்களை வென்று தொடரின் சிறந்த வீரரானார். அன்றே கணக்குத் தீர்ந்தது என்பாரும் உளர். ஒப்பந்தமோ 2035 வரை நீள்கின்றது.

ஆகவே ‘பலனளித்ததா?’ என்ற வினாவுக்கு எமது விடை இதுதான்: சிலவிடத்து அளித்தது, சிலவிடத்து இல்லை, எவ்விடத்தென்பதை விலை முன்கூட்டிச் சொன்னதில்லை. பணத்தை எண்ணிக் கட்டியவரிடம் இவ்வினாவை எழுப்புவது முறை. தன் கையில் உள்ள வலுவையெல்லாம் எறிந்து தீர்த்த வீரனிடம், நீ இவ்விலைக்குத் தகுந்தவனா என்று கேட்பது முறையன்று. அவ்விலையை அவன் விதிக்கவில்லை.