சாமியாருக்குப் படித்தவரின் மனைவி

"சாமியாருக்குப் படிக்கப் போயிட்டு ஓடி வந்த பையனாமே!" கல்யாணமான புதிதில் என் காதுபடவே சிலர் இப்படிச் சொன்னதுண்டு. என் கணவர் இளங்குருமடத்தில் தங்கி, பிளஸ் டூ வரை படித்தவர். அவர் ஓடி வரவில்லை. "உனக்கு இல்லறம்தான் அழைப்பு" என்று அங்கிருந்த ஆன்மகுருவே ஆசீர்வதித்து அனுப்பினாராம்.

அவரோடு சேர்ந்த 26 பேரில் குருவானவர்கள் 4 பேர்தான். மற்றவர்கள் வாத்தியார், வங்கி ஊழியர், மளிகைக் கடைக்காரர் என்று குடும்பஸ்தர்கள். ஆனால் வருஷத்துக்கு ஒருநாள் எல்லோரும் அந்தக் குருமடத்தில் கூடுவார்கள். பழங்கதை பேசி முடிந்ததும் ஒரு துண்டை விரித்துப் பணம் போடுவார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று எழுதுவதில்லை. வசதியில்லாத பையன்களுக்குக் கட்டணம், மூக்குக் கண்ணாடி, செருப்பு எல்லாம் அதிலிருந்துதான். மனைவிமார் நாங்கள் போர்வை தைத்துக் கொடுப்போம்.

பெண்களுக்கு இது புது வேலையல்ல, சகோதரிகளே! ஜப்பானில் நாகசாகி ஆயர், பணமில்லாததால் குருமாணவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது என்று எழுதிய கடிதத்தைப் படித்து, 1889-ல் பிரான்சு நாட்டில் ஸ்டெபனி பிகார் என்ற தாயும் ஜான் பிகார் என்ற அவர் மகளும் உதவி திரட்டத் தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் புனித பேதுரு சபை. இன்றும் பல நாட்டுக் குருமாணவர்களுக்கு அது கைகொடுக்கிறது.

போன வருஷம் பத்தாவது முடித்த எங்கள் ஒரே மகன், "நானும் குருமடம் போறேம்மா" என்றான். மாமியார், "வம்சம் என்னாகும்?" என்று அழுதே விட்டார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஊரார் பிள்ளைக்குப் போர்வை தைப்பது வேறு. தன் பிள்ளை பெட்டியில் அதை மடித்து வைப்பது வேறு.

என் கணவர்தான் மாமியாரை உட்கார வைத்துச் சொன்னார்: "அம்மா, உள்ளே போறவன் எல்லாரும் குருவாகிடறதில்லே. தத்துவமும் இறையியலுமே குறைஞ்சது 6 வருஷம் படிக்கணும். 25 வயசு முடியாம குருப்பட்டம் கொடுக்கிறது சபைச் சட்டத்திலேயே இல்லே. அவன் யோசிக்க நிறைய நேரம் இருக்கு. திரும்பி வந்தா வரட்டும், இந்தக் கதவு திறந்திருக்கணும். அவ்வளவுதான்."

ஜூன் மாதம் சேர்த்தோம்.

1965-ல் வெளிவந்த வத்திக்கான் சங்க ஏடு, குடும்பத்தை முதல் குருமடம் போன்றது என்கிறது. அதனால் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையைக் கேட்காமல் குருத்துவத்துக்கு நேர்ந்து கொள்ளாதீர்கள். போகிறேன் என்பவனைக் கண்ணீரால் கட்டிப் போடவும் வேண்டாம். சேர்க்குமுன் நேரில் போய்ச் சாப்பாடு, படுக்கை, பொறுப்பாளர் எல்லாம் பார்த்து வாருங்கள். திரும்பி வந்த பிள்ளையை ஏளனமாகப் பேச யாரையும் விடாதீர்கள்.

அடுத்த ஞாயிறு பெற்றோர் சந்திப்பு. எள்ளுருண்டை கேட்டிருக்கிறான். கூடப் படிக்கும் 12 பேருக்கும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.