பச்சைத் தோட்டாவின் வயது

மௌத் ஆர்கன் வாசிக்கத் தெரியுமா என்று யாராவது கேட்டால், "கத்துக்கிட்டிருந்தேன்" என்றுதான் இன்றும் சொல்வேன். வேலை நிமித்தமாகச் சிகாகோவில் இருந்த இரண்டு வருடங்கள், சனிக்கிழமைதோறும் ஒரு பெரியவரிடம் போய்க்கொண்டிருந்தேன். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். அப்போது அவருக்கு எழுபத்தேழு வயது. நான் அவரை 'சார்' என்பேன். அதெல்லாம் வேண்டாமென்று நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டு அவரே விட்டுவிட்டார்.

ஒருநாள் பாடம் முடிந்ததும் பழைய துணியில் சுற்றிய ஒன்றை என் கையில் வைத்தார். ஷூர் 520 மைக். பச்சை நிறம், தோட்டாவின் மூக்கு போன்ற வடிவம். அதனால்தான் அதற்கு 'கிரீன் புல்லட்' என்று பெயர்.

"பேத்தி கேட்டாளேன்னு எடுத்துச் செருகிப் பார்த்தேன். வால்யூமைத் திருப்பினா கரகரங்குது. நீ இன்ஜினியர்தானே, பாரு. அப்படியே எந்த வருஷத்து மைக்குன்னும் கண்டுபிடிச்சுச் சொல்லு."

நான் மென்பொருள் இன்ஜினியர் என்று விளக்கிப் பயனில்லை. ஊரில் மிக்சி நின்றுபோனாலும் எனக்குத்தான் போன் வரும்.

அவரிடமே ஒரு பதில் இருந்தது. அவருடைய அண்ணன் கொரியப் போரிலிருந்து திரும்பிய கையோடு, 1953இல் வாங்கிய மைக் அது. 1961இல் அண்ணன் இறந்துவிட்டார். "அதுக்கப்புறம் யாரும் அதைத் தொடலை. பெட்டிக்குள்ளயே கிடந்துச்சு." பேத்திக்குக் கொடுக்கும்முன் வருடத்தை ஊர்ஜிதப்படுத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இந்த மைக் இசைக்காகச் செய்யப்பட்டதே அல்ல. பொது அறிவிப்புகளுக்கும் இருவழி வானொலிக்கும் செய்தது. பேச்சு புரிந்தால் போதும் என்பதால் மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் அதில் சரியாக ஏறாது. அந்தக் குறைதான் ப்ளூஸ்காரர்களுக்கு வரமானது. மௌத் ஆர்கனையும் மைக்கையும் இரண்டு கைகளுக்குள் காற்றுப் புகாமல் பொத்தி, வால்வு ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தால், ஒலி தடித்து, உடைந்து, கிட்டத்தட்ட சாக்ஸஃபோன் மாதிரி வரும். மௌத் ஆர்கனை ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்து ஒரே வாத்தியமாக்கியவர்களில் முதல் பெயர் லிட்டில் வால்டர். 1952 மே மாதம் சிகாகோவில் அவர் பதிவுசெய்த 'ஜூக்' அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதற்கு அடுத்த வருடம் சிகாகோ இளைஞன் ஒருவன் மைக் வாங்கினான் என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அறைக்குக் கொண்டுவந்து மேசை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். அடியில் இருந்த தகட்டில் ஷூர் என்ற பெயருக்குக் கீழே 'சிகாகோ' என்று இருந்தது. நல்ல தடயம். ஷூர் நிறுவனம் 1956இல் சிகாகோவை விட்டு, ஒட்டியிருக்கும் எவன்ஸ்டனுக்கு மாறியது. பச்சைத் தோட்டா சந்தைக்கு வந்தது 1949இல். ஆக இந்த இரண்டு வருடங்களுக்கு நடுவில். மிச்சமிருந்த பழைய தகடுகளைப் பிறகும் ஒட்டியிருக்கலாம்தான். ஆனால் முன்மூடியின் திருகுகளைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே கார்ட்ரிட்ஜின் முதுகிலும் சிகாகோ என்றே இருந்தது. 1953 கச்சிதமாகப் பொருந்தியது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். கரகரப்பைச் சரிசெய்ய வேண்டியிருந்ததால் வால்யூம் கன்ட்ரோலைப் பார்த்தேன். அது கம்பெனி வேலை இல்லை. துளையைக் கையால் போட்டு, அரத்தால் ராவி இருந்தார்கள். ஈயப் பற்றும் ஒரே சீராக இல்லை. கன்ட்ரோலின் உலோக முதுகில் ஏழு இலக்கங்கள் பதிந்திருந்தன: 1376423.

அமெரிக்க மின்னணு உதிரிபாகங்களில் இப்படி ஒரு குறியீட்டு முறை உண்டு. முதல் மூன்று இலக்கம் தயாரிப்பாளர். 137 என்றால் சி.டி.எஸ். நிறுவனம். கடைசி இரண்டு இலக்கம் வாரம். நடுவில் இருப்பது வருடம். பழைய பாகங்களில் ஆறே இலக்கம்தான், வருடத்துக்கு ஒரே எண். எந்தப் பத்தாண்டு என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். இங்கே அந்தச் சங்கடம் இல்லை. 64, 23. 1964ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாவது வாரம். ஜூன் முதல் வாரம்.

இந்த எண் சொல்வது அந்தப் பாகம் உருவான நாளை மட்டும்தான். பொருத்தியது அந்த வருடமாக இருக்கலாம், பத்து வருடம் கழித்தும் இருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் இருக்க முடியாது. அண்ணன் இறந்தது 1961இல்.

அலுவலகத்தில் கோடில் பிழை வந்தால் ஒவ்வொரு வரியையும் யார், எப்போது எழுதினார்கள் என்று பார்ப்போம். ஃபைலுக்கு ஒரு வயது, வரிகளுக்கு வேறு வயது. பெயர் தெரிந்ததும் ஒரு சின்ன சந்தோஷம் வரும். அன்று வரவில்லை. இது அண்ணனின் மைக்கே இல்லையோ? அதை என்றோ விற்றுவிட்டு, ஞாபகத்துக்காக இன்னொன்றை வாங்கி வைத்தார்களோ? ஐம்பத்தைந்து வருடங்களுக்கு மேலாக அவர் வேறு யாருடைய மைக்கையோ துணியில் சுற்றி வைத்திருந்தாரோ?

'1949க்கும் 1956க்கும் நடுவுல சார், நீங்க சொன்னது சரிதான்' என்று சொல்லிவிடலாம். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஒரு வாரம் அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பொய் மாதிரியே ஒலித்தது.

கான்டாக்ட் கிளீனர் அடித்துக் குமிழை முப்பது நாற்பது தடவை முன்னும் பின்னும் திருப்பியதில் கரகரப்பு போய்விட்டது. கன்ட்ரோலை மாற்ற வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை மைக்கைக் கொடுத்துவிட்டு, "சார், இந்த வால்யூம் குமிழ் உங்க அண்ணன் வாங்குறப்பவே இருந்ததா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் உடனே பேசவில்லை. மைக்கைக் கைக்குள் பொத்தினார். கட்டைவிரல் தேடாமலே குமிழின்மேல் போய் உட்கார்ந்தது.

"இல்ல," என்றார். "அது நான் போட்டது."

எண்ணைச் சொன்னேன். ஜூன் 1964. தலையை ஆட்டினார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. அண்ணன் போன பிறகு அந்தச் சத்தம் காதில் விழுந்தாலே அம்மா எழுந்து வெளியே போய்விடுவாராம். அம்மா வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில்தான் வாசிப்பார். "படியில காலடி கேட்டா, எழுந்து ஆம்ப் வரைக்கும் போக நேரம் இருக்காது. அதான் கட்டைவிரலுக்கு எட்டுற மாதிரி ஒண்ணு போட்டுக்கிட்டேன்."

பிறகு, "யாரும் தொடலைன்னு அம்மாகிட்ட சொல்லிச் சொல்லி எனக்கே அதுதான் நிஜமாயிடுச்சு போல" என்றார்.

மைக்கோடு வைக்க ஒரு சிறு அட்டை கேட்டிருந்தார். என் கையெழுத்து நன்றாக இருக்குமாம். எந்த வருடத்தை எழுதட்டும் என்று கேட்டேன்.

"ரெண்டையும் எழுது. எது எதுக்குன்னு அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்."